மென்மையான உடலுக்கு ஏற்ற வைப்ரேட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலாம்பல்:

அனைவருக்கும் வணக்கம். இதை எழுத மாதக்கணக்கில் தயங்கினேன். படித்த இடங்களிலெல்லாம் எது அதிக வலுவானது, எதில் எத்தனை விதமான அதிர்வுகள் உண்டு என்பதே பேசப்படுகிறது. தொட்டாலே கூசும் உடல் உள்ளவர்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு 34 வயது. கிளிட்டோரிஸின் மீது நேராக விரல் பட்டால் ஒரு கணம் இன்பமாக இருந்து, அடுத்த கணமே பொறுக்க முடியாத கூச்சமாக மாறிவிடும். கடந்த ஆண்டு விரல் அளவுள்ள ஒரு வைப்ரேட்டரை வாங்கினேன். சிறியது மென்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியே அதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் முதல் நிலையே ஊசிமுனையால் குத்துவது போலிருந்தது. இரண்டு நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போனது. மரப்பு விலகிய பிறகு தொடங்கிய எரிச்சல் இரண்டு நாள் நீடித்தது. அதற்குப் பிறகு அதைத் தொடவேயில்லை.

இந்த அனுபவத்தை வைத்து இந்தக் கருவியே எனக்கு ஆகாது என்று முடிவு செய்துவிடலாமா, அல்லது நான் தவறானதைத் தேர்ந்தெடுத்தேனா? வாங்குவதற்கு முன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கூழாங்கல்:

தோழி, நீங்கள் தேர்ந்தெடுத்தது தவறான கருவி என்றே நினைக்கிறேன். நான் சிறிய மோட்டார்களோடு வேலை செய்பவள் என்பதால், சிறியது ஏன் மென்மையாக இருப்பதில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான வைப்ரேட்டர்களுக்குள் இருப்பது, அச்சின் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பொருத்திய எடை கொண்ட மோட்டார். அந்த எடை சுழலும்போது எழும் விசையே அதிர்வாக நம்மை வந்து சேர்கிறது. விரல் அளவுள்ள கருவிக்குள் கனமான எடையை வைக்க இடமில்லை. ஆகவே அதிர்வு கையில் உணரப்பட வேண்டுமானால் அந்தச் சிறு எடையை மிக வேகமாகச் சுழற்றியாக வேண்டும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 அதிர்வு, அதாவது 200 ஹெர்ட்ஸ். தோலுக்கு அடியில் அதிர்வை உணர்வதற்கென்றே பாசினியன் எனப்படும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவை மிகக் கூர்மையாக விழித்துக்கொள்வது ஏறத்தாழ 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையான எல்லையில்தான். சிறு கருவிகள் பல, கூசும் உடலுக்கு மிக ஒவ்வாத இடத்தில் போய் நிற்பது இதனால்தான். போதாததற்கு, வேகமான அதிர்வு சதைக்குள் ஆழமாகப் போகாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஈ ரீங்கரிப்பது போல, அரிப்பது போல என்று பலர் சொல்வது இந்த அதிர்வைத்தான்.

பெரிய தலையும் கனமான எடையும் உள்ள கருவி மெதுவாகச் சுழன்றாலே போதுமான அசைவு கிடைக்கும். அது உறுமல் போன்ற, தாழ்ந்த, ஆழமான அதிர்வு. அதைச் சற்றுத் தள்ளி, கிளிட்டோரிஸுக்கு மேலே உள்ள மேட்டுப்பகுதியிலோ வெளியிதழின் மீதோ வைத்தாலும் உள்ளே போய்ச் சேரும். கிளிட்டோரிஸின் நுனியை நேராகத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

என் கருத்தை ஒரே வரியில் கேட்டால், கருவியின் உச்ச வலுவைப் பார்க்காதீர்கள், அதன் மிகக் குறைந்த நிலை எவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள் என்பேன். விற்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்குவதற்கே ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் தேவைப்படுவதால், மலிவாகச் செய்த கருவிகளில் முதல் நிலையே பாதி வலுவில்தான் ஆரம்பிக்கும். பத்து நிலைகள் இருப்பதாகப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பத்தும் வலுவான பாதிக்குள் அடங்கியிருக்கும். நிலை நிலையாகத் தாவாமல், அழுத்திப் பிடித்தாலோ திருகினாலோ சிறுகச் சிறுகக் கூடும் கட்டுப்பாடு உள்ளது கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். சுழல்வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், கீழ்நிலையில் கிடைக்கும் சிறு வேறுபாடும் உடலுக்குப் பெரிதாகத் தெரியும்.

அடுத்ததாக, தொடும் பரப்பைப் பாருங்கள். அதே விசை கூரிய முனையில் குவிந்தால் குத்தும். உள்ளங்கை போன்ற அகன்ற, அழுத்தினால் அமுங்கும் பரப்பில் பரவினால் தடவிக்கொடுப்பது போலிருக்கும். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் மிகக் குறைந்த நிலையில் இயக்கி மூக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றிவிடும். அது தடித்த தோல். மூக்கு நுனியில் கூசித் தும்மல் வருவது போலிருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம்.

இளவேனில்:

கூழாங்கல் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நீலாம்பலிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கூச்சம், வலி என்ற இரண்டையும் நாம் மென்மையான உடல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவை இரண்டும் வேறு. அதிகக் கூச்சம் என்பது பலருக்கு இயல்பான உடலமைப்பு. கிளிட்டோரிஸுக்குச் செல்லும் முதன்மை நரம்பில் 10,000க்கும் மேற்பட்ட நரம்பிழைகள் இருப்பதாக 2022இல் மனிதத் திசுவை வைத்துச் செய்த கணக்கு காட்டியது. அதுவரை எல்லோரும் சொல்லிவந்த 8,000 என்ற எண் கால்நடைகளை ஆராய்ந்ததிலிருந்து வந்தது. நமக்குத் தெரியும் நுனி அந்த உறுப்பின் சிறு பகுதி மட்டுமே. அதன் கால்களும் குமிழ்களும் யோனியின் இருபுறமும் உள்ளே இறங்கிப் படர்ந்திருப்பதை ஆஸ்திரேலியச் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இலும் 2005இலும் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கமாகக் காட்டினார். நுனியைத் தொடாமல், சுற்றிலும் இருக்கும் பகுதியின் வழியாகவே அதை எட்ட முடிவதற்கு இந்த அமைப்புதான் காரணம். எனவே வெறும் கூச்சம் என்றால் அதற்குத் தகுந்த கருவி நிச்சயம் உண்டு.

வலி என்றால் பேச்சே வேறு. யோனி வாயிலைச் சுற்றிய வலியோடு நான் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தேன். எனக்குப் பொருத்தமான கருவி கிடைக்கவில்லை என்றே நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டிருந்தேன். வெளிப்படையான காரணம் எதுவும் தெரியாமல், குறைந்தது மூன்று மாதமாவது நீடிக்கும் வலிக்கு வல்வோடினியா என்று பெயர் இருக்கிறது என்பதையும், வலிக்கும் என்று அஞ்சியே இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகள் வலியை மேலும் பெருக்குகின்றன என்பதையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் அறிந்தேன்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியால் மேலிருந்து கீழாக, கடிகார முள் சுற்றும் திசையில் மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கூசுகிறது, எந்த இடத்தில் சுருக்கென்று எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் பரிசோதிப்பார்கள். வெண்மையான திட்டுகளோ, தோல் மெலிந்து வெடித்திருப்பதோ, நாள்பட்ட அரிப்போ தெரிந்தால் கருவி பற்றிய யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். லைக்கன் ஸ்க்லரோசஸ் போன்ற தோல் நோய் அப்படித்தான் தென்படும், அதற்குத் தகுந்த மருந்தும் உண்டு.

நீலாம்பல்:

இளவேனில், நீங்கள் சொன்னபடி நேற்று இரவு பார்த்தேன். இத்தனை வயதில் என் உடலை நான் வெளிச்சத்தில் பார்த்தது இதுவே முதல் முறை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். திட்டுகள் எதுவும் இல்லை. மேற்புறத்தில் கூச்சம் மட்டுமே, வலி இல்லை. வாயிலின் கீழ்ப்பக்கத்தில், கடிகாரத்தில் 5க்கும் 7க்கும் இடைப்பட்ட இடத்தில் தொட்டபோது எரிந்தது. சென்ற ஆண்டு இரண்டு நாள் எரிந்ததும் அதே இடத்தில்தான். ஆனால் அந்தக் கருவியை நான் அங்கே வைக்கவே இல்லை! மேற்புறத்தில் மட்டுமே வைத்தேன். அப்படியானால் அங்கே எரிச்சல் எப்படி வந்தது?

தூரிகை:

அன்று வழுவழுப்புக்காக மசகு ஏதேனும் பயன்படுத்தினீர்களா? பயன்படுத்தியிருந்தால் அதன் பெயர் வேண்டாம், பின்புறம் அச்சிட்டிருக்கும் பொருள்களை மட்டும் சொல்லுங்கள்.

நீலாம்பல்:

ஆம், கருவியோடு இலவசமாக வந்த ஜெல். இன்னும் வைத்திருக்கிறேன். தண்ணீர், கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், மென்தால், வாசனை என்று வரிசையாக இருக்கிறது. வெதுவெதுப்பான உணர்வு தரும் என்றும் எழுதியிருக்கிறது.

தூரிகை:

நான் நினைத்தது சரியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அன்று இரண்டு தனித்தனித் தொல்லைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. மரத்துப்போனது கருவியால், எரிந்தது பெரும்பாலும் ஜெல்லால். மேலே தடவியது வழிந்து கீழே வாயிலில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பு, குளிர்ச்சி என்று விளம்பரம் செய்யப்படும் மசகுகள் நரம்புகளைச் சீண்டித்தான் அந்த உணர்வைத் தருகின்றன. கூசும் உடலுக்கு அவற்றை முற்றாக விலக்க வேண்டும் என்பதில் எனக்கு இம்மியளவும் ஐயமில்லை.

கிளிசரினும் கிளைக்காலும் செய்யும் கேடு இன்னும் நுட்பமானது. ஒரு திரவத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவால் குறிப்பார்கள். நம் உடல் திரவங்களில் அது 290 என்ற அளவை ஒட்டியிருக்கும். மசகின் செறிவு அதைவிட மிக அதிகமாக இருந்தால் அது உள்தோலின் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். செல்கள் சுருங்கி உதிரும். தடவியபோது வழுவழுப்பாக இருந்துவிட்டு, மறுநாள் வறட்சியும் எரிச்சலும் வருவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், மசகின் ஆஸ்மோலாலிட்டி 380க்குள் இருப்பது விரும்பத்தக்கது, எப்படியும் 1,200ஐத் தாண்டக் கூடாது, யோனிக்கான மசகின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச் அளவு 4.5ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. இனப்பெருக்க வயதில் யோனியின் இயல்பான பி.எச் 3.8 முதல் 4.5 வரை என்பதால் இந்தப் பரிந்துரை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, கிளிசரினும் வாசனையும் பாரபென் என்ற பதப்படுத்தியும் இல்லாத, ஆஸ்மோலாலிட்டியை வெளிப்படையாக அச்சிடும் மசகைத் தேடுங்கள். அச்சிடாத தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் கேட்டால் பதில் தருவார்கள். தரவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடலாம்.

புதிய மசகை முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள், பிறகு வெளியிதழில் ஒரு துளி வைத்து இன்னொரு நாள் பாருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும் இரண்டு நாள் எரிச்சலோடு நடப்பதைவிட மேல்.

இன்னொன்று. எரிச்சலுக்கு மசகு காரணமாக இருப்பது போலவே, மசகு போதாமல் இருப்பதும் காரணமாகும். அதிர்வு தோலைப் புண்ணாக்கிவிட்டது என்று சொல்லும் பலருக்கு உண்மையில் நடந்திருப்பது உராய்வு. உலர்ந்த சிலிகான் தோலைப் பிடித்திழுக்கும். நல்ல மசகைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், உலரத் தொடங்கினால் மீண்டும் தடவுங்கள்.

தென்றல்:

நான் வேறொரு வகையைச் சொல்கிறேன். கிளிட்டோரிஸைச் சுற்றிக் குவளை போல் அமர்ந்து, காற்றழுத்தத்தை மாற்றி மாற்றித் தூண்டும் கருவிகள் 2014ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. எதுவும் நேராக நுனியைத் தொடுவதில்லை. எனக்கும் நீலாம்பலைப் போன்ற கூச்சம்தான். அதிர்வுக் கருவிகள் எதுவும் ஒத்துவராத எனக்கு இது மட்டுமே ஒத்துவந்தது. யோசித்துப் பாருங்கள்.

கூழாங்கல்:

தென்றல் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு ஏற்கிறேன். தொடுவதில்லை என்பதாலேயே மென்மையானது என்று பொருளில்லை. அழுத்தம் அந்தச் சிறிய இடத்தில் மட்டுமே குவிகிறது. அதைப் பரப்பிக்கொள்ளவோ, துணியால் தணித்துக்கொள்ளவோ வழியில்லை, ஏனெனில் குவளையின் விளிம்பு சரியாகப் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். என் தோழி ஒருத்திக்கு முதல் நிலையே தாங்கவில்லை. அதோடு குவளையின் வாய் எல்லோருடைய அமைப்புக்கும் பொருந்தாது. முதல் கருவியாக இதை வாங்குவதைவிட, பல விதமாகத் தள்ளியும் சாய்த்தும் வைத்துப் பார்க்கக்கூடிய அகன்ற தலையுள்ள ஒன்றை வாங்கி, உங்கள் உடலுக்கு எது இதம் என்று அறிந்த பிறகு இதற்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

தென்றல்:

எனக்கு ஒத்துவந்தது என்பதால் எல்லோருக்கும் ஒத்துவரும் என்பது போல எழுதிவிட்டேன். விளிம்பு பொருந்தாத தொல்லை எனக்கும் தொடக்கத்தில் இருந்தது. உதட்டில் வைத்துக் குறைந்த நிலையைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

அகல்:

பிள்ளைகளே, இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கும் மூத்தவர்களுக்காக நானும் சிறிது எழுதுகிறேன். எனக்கு 57 வயது. மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. பிறகுதான், பல ஆண்டுகளாக வைத்திருந்த கருவியே உப்புத்தாளில் உரசுவது போல வலிக்கத் தொடங்கியது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது யோனியின் தோல் மெலிந்து, ஈரமும் நெகிழ்வும் குறைந்து, பி.எச் அளவு உயர்ந்து, சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும். இவை அனைத்தையும் சேர்த்து ஒரே நோய்த்தொகுதியாக மருத்துவர்கள் 2014இல் பெயரிட்டார்கள் என்று என் மருத்துவர் விளக்கினார். யோனிக்குள் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை அவர் எழுதிக்கொடுத்தார். சில வாரங்களில் தோல் தேறியது. குழந்தைக்குப் பாலூட்டும் காலத்திலும் இதே வறட்சி வரும் என்பதால் இளம் தாய்மார்களும் இதை மனத்தில் கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் ஈஸ்ட்ரோஜனைத் தொடக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பத மருந்துகள் இருக்கின்றன.

கருவியைப் பொறுத்தவரை, எனக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு. ஆகவே எடை குறைந்த, கைப்பிடி நீண்ட, பொத்தானை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடுவதற்குள் அதிர்வு மேலும் கூடிவிட்டால் அந்த ஒரு கணமே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒரே அழுத்தில் நிற்கும் கருவியா என்று பார்த்து வாங்குங்கள்.

நீலாம்பல்:

அம்மா, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. நிறுத்தும் பொத்தானைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என்னிடம் இருந்தது, நிற்பதற்கு எல்லா நிலைகளையும் கடந்து சுற்றி வர வேண்டிய வகை.

எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

தூரிகை:

மிக முக்கியம். நுண்துளைகள் இல்லாத பொருள்களாகப் பாருங்கள்: சிலிகான், ஏ.பி.எஸ் எனப்படும் கடினப் பிளாஸ்டிக், போரோசிலிகேட் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு. எஃகில் நிக்கல் இருக்கும், ஆகவே மலிவான காதணி போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஜெல்லி போலக் குழைந்து, வாசனையும் பிசுபிசுப்பும் உள்ள பி.வி.சி. பொருள்களை நெகிழ்விப்பதற்குத் தாலேட் வகை வேதிப்பொருள்களைச் சேர்ப்பதுண்டு. அவை பிளாஸ்டிக்கோடு பிணையாமல் மெல்லக் கசிந்து வெளியேறும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2006இலேயே இத்தகைய பொருள்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. டி.பி.இ. என்ற நெகிழ்பொருளில் தாலேட் இல்லாவிட்டாலும் நுண்துளைகள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் கிருமிகள் தங்கும். அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு அது ஆகாது.

பாலியல் கருவிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ 3533 என்ற பன்னாட்டுத் தரநிலை 2021இல்தான் வந்தது. பெட்டியில் சிலிகான் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், முழுவதும் சிலிகானா, மேற்பூச்சு மட்டும்தானா என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் நாற்றம் தூக்கலாக அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல சிலிகானுக்கு ஏறத்தாழ வாசனையே கிடையாது. ஒட்டுத் தையல் உடலில் படும் பக்கம் வராமலும், தடவினால் கீறாமலும் இருக்க வேண்டும். சிலிகான் கருவியோடு சிலிகான் மசகைச் சேர்த்தால் மேற்பரப்பு கெட்டுப் பிசுபிசுக்கலாம், தண்ணீர் மசகே நல்லது.

கழுவுவதற்கு வாசனையற்ற மென்சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஐ.பி.எக்ஸ் 7 என்று குறித்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாது என்று பொருள். மோட்டார் உள்ளதை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். சோப்பு நன்றாக நீங்கும்வரை அலசுங்கள். ஒட்டியிருக்கும் சோப்பே அடுத்த முறை எரிச்சலைத் தரும்.

கார்முகில்:

ஒரு ஆண் இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. என் மனைவிக்கும் நீலாம்பல் அவர்கள் விவரித்தது போன்ற கூச்சம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் நல்லதாக ஒன்றை வாங்கி, திருமண நாளன்று கொடுக்கலாம் என்று நினைத்தேன். எதை வாங்கலாம்?

இளவேனில்:

தாராளமாகக் கேட்கலாம், சகோதரரே. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் இந்தப் பொருளைத் தெரியாமல் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கூசும் உடலுக்கு எது பொருந்தும் என்பது அந்த உடலுக்கு உரியவருக்கு மட்டுமே தெரியும். பரிசாகத் தந்தால், பிடிக்காவிட்டாலும் உங்கள் மனம் நோகக் கூடாதே என்று அவர் பொறுத்துக்கொண்டு பயன்படுத்த நேரிடும். பொறுத்துக்கொள்ளும்போது தசை இறுகும், இறுகினால் வலிக்கும், அடுத்த முறை நினைப்பிலேயே உடல் சுருங்கும். நான் கடந்துவந்த பாதை அது. இந்த இழையை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். விருப்பம் இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பயன்படுத்தும்போது கட்டுப்பாடு அவர் கையிலேயே இருக்கட்டும்.

கார்முகில்:

பொறுத்துக்கொண்டு பயன்படுத்துவார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றே பேசுகிறேன். நன்றி.

வெண்கொக்கு:

தொடர்ந்து பயன்படுத்தினால் உணர்ச்சியே மழுங்கிவிடும் என்று படித்தேன். இதற்கு அஞ்சியே நான் வாங்காமல் இருக்கிறேன்.

கூழாங்கல்:

ஒரே அதிர்வு ஒரே இடத்தில் தொடர்ந்தால் நரம்பு அதற்குப் பழகி, உணர்வு தற்காலிகமாகக் குறையும். புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்த கை சற்று நேரம் மரத்திருப்பதைப் போலத்தான் இது, நிறுத்தினால் திரும்பிவிடும். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வைப்ரேட்டர் பயன்படுத்திய பெண்களில் 71.5 விழுக்காட்டினர் தங்களுக்குப் பிறப்புறுப்பில் எந்தப் பக்கவிளைவும் ஒருமுறைகூட ஏற்பட்டதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மரப்பு வருகிறது என்றால் வலுவைக் கூட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. எடுத்துவிடுங்கள், இடத்தை மாற்றுங்கள், சில நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள். இதய மின்முடுக்கி பொருத்தியிருப்பவர்கள் மட்டும், காந்தத்தால் ஒட்டிச் சார்ஜ் ஏறும் கருவியை வாங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நீலாம்பல்:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த ஜெல்லைத் தூக்கி எறிந்தேன். பிறகு மருத்துவரைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் எரிவதைப் பஞ்சுக்குச்சியால் சோதித்து உறுதி செய்தார்; தொற்று இல்லை. அந்த இடத்தில் சோப்பு போடுவதை நிறுத்தி வெறும் நீரால் கழுவச் சொன்னார். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தப் பழகுவதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பியிருக்கிறார். எரிச்சல் இப்போது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அந்த இடம் முழுவதும் ஆறும்வரை உள்ளே எதையும் செலுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே வெளிப்புறத்துக்கு மட்டுமான கருவியையே தேடினேன்.

தேர்ந்தெடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் அகன்ற, சற்று வளைந்த சிலிகான் கருவி. வலு சிறுகச் சிறுகக் கூடுகிறது, ஒரே அழுத்தில் நிற்கிறது. மூக்கு நுனியில் வைத்துப் பார்த்தபோது கூசவில்லை. முதல் சில நாள்கள் இயக்காமலேயே மடியில் வைத்திருந்தேன். பிறகு பருத்தி உள்ளாடையின் மீது, மேட்டுப்பகுதியில், மிகக் குறைந்த நிலையில். துணி ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா என்பதே எனக்குக் கருவியின் நிலைகளைவிடப் பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று கண்டேன். இடப்பக்க வெளியிதழின் மீது வைத்தால் இதமாகவும், வலப்பக்கம் வைத்தால் கூச்சமாகவும் இருக்கிறது; இது ஏன் என்று தெரியவில்லை.

அகல்:

எனக்கும் ஒரு பக்கம் அப்படித்தான், மகளே. இரண்டு பக்கமும் ஒன்றுபோல உணர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கூழாங்கல்:

அதிர்வை இடப்பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கூச்சத்தின் அளவு மாறுகிறதா என்று இரண்டு மூன்று சுழற்சிகள் குறித்துப் பாருங்கள். சிலருக்கு அந்த நாள்களில் இரண்டு அடுக்குத் துணியும் போதாமல் போகும்.

நீலாம்பல்:

மாறுகிறது. சென்ற வாரம் அப்படித்தான் இருந்தது. இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் எரிச்சல் எதுவும் இல்லை.